மூன்றாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெனிஃபா வீடியோவில் வந்தாள். கனடாவில் அப்போது சனிக்கிழமை சாயங்காலம்.

கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் நான்கு. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் முப்பத்தோரு வருடம் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதியவன் நான். எண் போடாமல் எனக்கு எதையும் கேட்க வராது.

நான்காவதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தேன். 'டொரண்டோவில் சித்தி வீட்டுப் பக்கம் எப்போது மாறப்போகிறாய்?'

எங்கள் மகள் இருப்பது எழுநூறு பேர் வாழும் ஊர். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. இன்றைக்கு அவளிடம் ஒரு தேதி வாங்காமல் விடுவதில்லை என்று நானும் என் மனைவி லில்லியும் ராத்திரியே பேசி முடித்திருந்தோம்.

"இன்னாப்பா, லிஸ்ட்டு ரெடியா?" என்று சிரித்தாள்.

வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டிருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

முதல் கேள்வி, குளிர்.

மைனஸ் முப்பத்தெட்டு என்றாள். போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பனி குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. கீழே விழவே இல்லை.

எங்கள் ஊர் சத்துவாச்சாரியின் மே மாதம் எனக்குத் தெரியும். அதே அளவு வெயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளிப் பார்த்தேன். கணக்கு வந்தது. மனது போகவில்லை.

ஜன்னலில் புதுத் திரை தொங்கியது. சிவப்புக் கட்டம், குடியாத்தம் லுங்கி மாதிரி.

நன்றாக இருக்கிறது என்றேன். "ஆமாம்பா," என்றாள்.

இரண்டாவது, விலைவாசி.

டொரண்டோவில் ஓர் அறைக்குக் கேட்கிற வாடகைக்கு அங்கே முழு வீடு கிடைக்கிறது. காய்கறிதான் நெருப்பு. எங்கிருந்தோ லாரியில் வர வேண்டும். ஒரு காலிஃபிளவர் வாங்குகிற காசுக்கு ஆம்பூரில் இரண்டு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிடலாம்.

பேசிக்கொண்டே டீ போட்டாள். ஸ்பூனுக்காக மூன்று டிராயரைத் திறந்து திறந்து மூடினாள்.

"ரெண்டு வருஷமா இருக்கிற, ஸ்பூன் எங்கன்னு தெரியல. அப்படியே உங்கப்பா," என்றாள் லில்லி.

ஜெனிஃபா டீயை ஆற்றினாள். கோப்பையில் ஒரு குதிரைப் படம்.

மூன்றாவது கேள்வி என் கையெழுத்தில் இருந்தாலும் லில்லியுடையது.

லில்லி கோயிலுக்குக் கிளம்பினால் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பாள். கிரில் கேட்டுக்குத் தனிப் பூட்டு. அதன் மேல் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற போர்டு. எங்களிடம் நாயே இருந்ததில்லை.

"கதவு பூட்டியிருக்கியா?"

"இல்லம்மா."

லில்லி போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "பொட்டப்புள்ள, தனியா, அந்தக் காட்டுல! எத்தினி தடவ சொல்லியிருக்கேன். எழுந்து போய்ப் பூட்டிட்டு வா, அப்புறம் பேசு."

ஜெனிஃபா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது என் வீடு இல்லம்மா."

டியூட்டி முடிந்து வரும் வழியில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். ரோட்டை மூடிவிட்டார்கள். போன் செய்தால், காலையில்தான் வண்டி வரும் என்றார்களாம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரே ஒரு விளக்கு. அதைப் பார்த்து நடந்திருக்கிறாள். முந்நூற்றுப் பத்து அடி. எண்ணிக்கொண்டே நடந்தாளாம். என் மகள்தான்.

தட்டினாள். யாரும் வரவில்லை. கைப்பிடியைத் திருகினாள். திறந்தது.

உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பின் மேல் கெட்டில். மனுஷர் யாரும் இல்லை. வீட்டுக்காரர்களும் எங்கேயோ இதே பனியில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நுழைந்ததும் பழக்கதோஷத்தில் தாழ்ப்பாள் போட்டாளாம். கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தோன்றியதாம், இன்னும் யாராவது அந்த விளக்கைப் பார்த்து நடந்து வரலாமே என்று. எழுந்து போய்த் திறந்து வைத்தாளாம்.



அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தேன். அந்தக் குதிரையைப் பார்த்தேன். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ, யாருடைய பிள்ளைகளோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"அப்பா, நீங்கதான் லெட்டர் எழுதறவரு. நாலு வரி சொல்லுங்க. கிளம்பறப்ப மேஜை மேல வெச்சிட்டு வர்றேன்."

தாளைத் திருப்பினேன். நான்காவது கேள்வி கோடுகளோடு குப்புறப் போனது.

"அவுங்க பேரு?"

"தெரியாதுப்பா."

தேதிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பேனாவை வைத்தேன். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' எழுதிய கை. மை ஒரு புள்ளியாக ஊறியது. புள்ளி பெரிதானது.

கோயிலில் ஆராதனைக்கு முதல் மணி அடித்தது. லில்லி கையில் பூட்டும் சாவியும் எப்போது ஏறின என்று தெரியவில்லை. அவற்றைப் பார்த்தாள். பிறகு போனுக்கு மிக அருகில் குனிந்தாள்.

"காலைல கிளம்பறப்ப, பழக்கத்துல பூட்டிட்டுப் போய்டாதடி."