விசில் பல்

“இதைக் கழட்டிடுங்க டாக்டர்.”

உடைந்த என் முன்பல்லுக்கு நேற்றுதான் அவர் கேப் போட்டிருந்தார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“கடிச்சா இடிக்குதா?”

“இல்ல, ஜோரா இருக்கு. என் மூஞ்சிக்கு இது கொஞ்சம் அதிகம்.”

“விளையாடறீங்களா? பேசினா விசில் அடிக்குது, ஆபீஸ்ல சிரிக்கறாங்கன்னு புலம்பினது யாரு?”

“நான்தான். ஆனா மறுபடி அந்த விசில் வேணும்.”

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். நான் சிரிக்க முயன்றேன்; புதுப் பல் மட்டும் சிரித்தது.

“எங்கப்பாவுக்கும் முன்பல் உடைஞ்சு இதே விசில்தான் டாக்டர். அவர் போனதே அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. கண்ணும் தெரியாது. என் பல் உடைஞ்ச அன்னிக்கு ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டேன். ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னியிலிருந்து அவர் வாங்க வேண்டிய திட்டெல்லாம் தினமும் நான்தான் வாங்கறேன்.”

“நேத்து?”

“‘சாப்பிட்டியா’ன்னு கேட்டேன். ‘யாருப்பா நீ, அவர் எங்கே’ன்னாங்க. நான் பேசப் பேச, அவங்களுக்கே புரிஞ்சுபோச்சு.”

டாக்டர் மறுபடி கையுறையை மாட்டினார்.

“எங்கம்மாவுக்கு, எங்கப்பா நேத்துதான் செத்தாரு டாக்டர்.”