வாயில் வராத வார்த்தை

கடவுளைப் பழித்துப் பேசினாள் என்று தங்கையைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள், நிரூபணமானால் தூக்கு. கடைசி பெஞ்சில் அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேலே மின்விசிறி காற்றை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் வாரி இறைக்கிறது. சாட்சி சொல்ல வந்திருக்கும் பக்கத்துக் கடைக்காரனின் நீலச் சட்டையில் ஜன்னல் வெயில் விழுகிறது. அதைத் தைத்துக் கொடுத்தவள் தங்கைதான். அவள் வைத்த காலர், மானங்கெட்டவன் கழுத்தில் இன்னும் மடங்காமல் விறைத்து நிற்கிறது. "அந்தம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?" என்று நீதிபதி கேட்கிறார். அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். "அதை என் வாயால சொன்னா எனக்கும் அந்தப் பாவம் ஒட்டிக்குங்கய்யா." நீதிபதி பயபக்தியோடு தலையாட்டுகிறார். தட்டச்சு செய்பவரின் விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. தங்கையின் வக்கீல், வாயைத் திறந்தால் தன் வீட்டுக்கும் கல் வரும் என்று குனிந்தே இருக்கிறார். அக்காள் பெஞ்சின் நுனிக்கு நகர்கிறாள். யார் காதிலும் விழாத ஒரு வார்த்தைக்காகவா வெளியே இத்தனை கூட்டம் கொதிக்கிறது? தன் தையல் கடையை இவனுக்குக் காலி பண்ணித் தரமாட்டேன் என்று தங்கை சொன்னதுதான் தெருவுக்கே கேட்டதே! தங்கை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். "ஐயா, நான் அப்படி என்னதான் சொன்னேன்? எனக்காவது சொல்லுங்கய்யா." "வாயை மூடு!" என்று நீதிபதி மேசையைத் தட்டுகிறார். அந்தரத்தில் நின்ற விரல்கள் இறங்கி, அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் கடகடவென்று தட்டி முடிக்கின்றன.