நீலத் தொட்டி

சாக்கில் சுற்றியிருந்தாலும் அது துப்பாக்கிதான் என்று சபீனாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பத்து வருஷம் போர் நடந்த தீவில் வளர்ந்தவளுக்கு அதைப் பிரித்து வேறு காட்ட வேண்டுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள் மண் கையோடு நிமிர்ந்து நின்றாள்.

தோட்டத்து ஓரத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன் லைனஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். போரில் அவனுடைய அண்ணனைச் சுட்டுக் கொன்றவன் சபீனாவின் புருஷன் கிளீட்டஸ்.

"கிளீட்டஸ் கீழ தனியாத்தான இருக்கான்?" என்று கேட்டான் லைனஸ்.

"அஞ்சாறு பேர் கூட இருக்காங்க." வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மேட்டுல இருந்து பாத்துட்டுத்தான் வரேன், சபீனா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் ஆற்றுப் பாதையில் இறங்கிவிட்டான்.

போர் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவனுக்கு அவ்வளவு சுலபத்தில் முடியுமா? ஈஸ்டர் கழிந்ததும் இரண்டு ஊரும் சேர்ந்து சமாதான விருந்து வைத்தன. பன்றி அறுத்தார்கள், வில்லையும் அம்பையும் முறித்துப் போட்டார்கள், பகை தீர்ந்ததற்கு அடையாளமாகப் பகையாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு மென்றார்கள். லைனஸ் மட்டும் தனக்குக் கொடுத்த பாக்கை மெல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அண்ணன் வைத்திருந்த துப்பாக்கியையும் கொண்டுவந்து உடைத்துவிடு என்று பெரியவர்கள் கேட்டதற்கு, அது என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து சபீனாவுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. கடற்கரைப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தாள். கிளீட்டஸ் அசைந்து கொடுக்கவில்லை. "ஓடிப்போனா அவன் அண்ணனை ரெண்டாவது தடவை கொன்ன மாதிரி" என்றுவிட்டான்.

கிழங்குக் கூடையை எறிந்துவிட்டுக் குறுக்குவழியில் ஓடினாள். செம்புச் சுரங்கம் மூடிப் பல வருஷமாகியும் அது கழித்துப்போட்ட சாம்பல் மணல் ஆற்றங்கரை நெடுகக் குன்று குன்றாகக் கிடந்தது. கிளீட்டஸ் பம்பு வைத்து அதன் தலையில் தண்ணீர் ஊற்றுவான். மணலில் மிச்சமிருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டு அது அடியில் நீலமாகக் கசிந்து வரும். அதைத் தொட்டிக்குத் திருப்பி உள்ளே பழைய இரும்பைப் போட்டுவைத்தால், இரும்பைத் தின்றுவிட்டுச் செம்பைச் சேறாக விட்டுவிடும். அந்தச் சேற்றைக் காயவைத்து விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அடுப்பு எரிந்து என்ன செய்ய, அதில் வைக்கச் சட்டி இல்லை. சுரங்கக் கம்பெனி விட்டுப்போன லாரிகளைத் தின்று தீர்த்த தொட்டிக்கு நேற்று அவளுடைய இரும்புச் சட்டியையும் போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். சனிக்கிழமைச் சந்தையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் துருப்பிடித்த ஆணிக்குக் கையேந்தி மானத்தை வாங்கியது போதாதாம். "என் வீட்டுக்காரன் மண்டையும் இரும்புதான், தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்று மீன்காரி கேலி செய்ததையும் சபீனாதான் கேட்டுக்கொண்டாள். அந்த ஆத்திரத்தில் இன்று காலை, நீயும் அந்தத் தொட்டியிலேயே கரைந்து போ என்று அவனைத் திட்டிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது அந்த வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது? சட்டி போனால் போகட்டும் கர்த்தரே, அவனைக் காப்பாற்று என்று அழுதுகொண்டே ஓடினாள்.

பாதிச் சரிவில் மணல் உள்வாங்கி முழங்கால்வரை புதைந்தாள். காலைப் பிடுங்கிக்கொண்டு எழுவதற்குள் லைனஸ் கரைக்குப் போய்விட்டான். கிளீட்டஸ் தொட்டிமேல் குனிந்து, பாதைக்கு முதுகைக் காட்டியபடி சேறு வழித்துக்கொண்டிருந்தான். சபீனா கத்திப் பார்த்தாள். பம்பு சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

லைனஸ் பம்பை நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் கிளீட்டஸ் திரும்பினான்.

சாக்கு மணலில் கிடந்தது. துப்பாக்கி லைனஸின் கையில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கிளீட்டஸின் வெட்டுக்கத்தி மணலில் செருகியிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. கைச் சேற்றை உதறிவிட்டு நேராக நின்றான்.

"உன் அண்ணனைச் சுட்டது நான்தான், லைனஸ். இல்லைன்னு ஒருநாளும் சொன்னதில்லை" என்றான். பிறகு மணலில் தடுமாறி வந்துகொண்டிருந்தவளைப் பார்த்தான். "அவளை மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு."

சபீனா திரும்பவில்லை. லைனஸ் இரண்டு கையாலும் துப்பாக்கியை உயர்த்தினான். கிளீட்டஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நீலத் தண்ணீர் தெறித்துக் கிளீட்டஸின் முகமெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டு அவன் கண்ணைத் திறந்தபோது, வெறுங்கையோடு நின்ற லைனஸ் தன் பையிலிருந்து காய்ந்துபோன ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

"இரும்பு பத்தலைன்னு சந்தையில சொன்னியாமே."