இரண்டு நிமிடம் நாற்பது நொடி

மருமகள் பதினொரு நிமிடமாக அழுதுகொண்டிருந்தாள். மதியத்துக்குள் அந்த அழுகையை நிறுத்தாவிட்டால், திங்கட்கிழமை முதல் மாமாவின் பெயின்ட் கம்பெனியில் வேலை.

அழுதது திரையில், ஒரு டிவி சீரியலில். நிறுத்த வேண்டியவள் திரைக்கு முன்னால் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த வேதியியல் பட்டதாரி. பதினொரு நிமிடக் காட்சியை இரண்டு நிமிடம் நாற்பது நொடிக்கு வெட்டித் தர வேண்டும். எடிட்டர் வேலைக்கு அதுதான் தேர்வு.

"அப்பா குடுத்த ஒரு வருஷம் இன்னையோட சரி. இதுவும் இல்லைன்னா மாமாவோட லேப்தான். நான் குறுக்க பேச முடியாது, பார்த்துக்க" என்று சொல்லித்தான் அண்ணன் காலையில் பைக்கிலிருந்து இறக்கிவிட்டிருந்தான். இது அவளுக்கு ஒன்பதாவது இன்டர்வியூ.

அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறு பேர். பக்கத்து நாற்காலியில் இருந்த தாடிக்காரன் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான்.

"உங்ககிட்டயும் இதே அம்மா, இதே புடவையா? என்கிட்ட வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க."

"இங்க இப்பதான் உள்ள வர்றாங்க."

"அப்ப நடுவுல வேற யார் கம்ப்யூட்டர்லயோ டீ குடிச்சிட்டிருக்காங்க போல."

அவள் சிரிப்பதற்குள் தேர்வு நடத்தும் இன்சார்ஜ் வந்துவிட்டார். "பேச்சு வேணாம். காப்பி அடிப்பீங்கன்னுதான் ஆளுக்கு ஒரு துண்டா குடுத்திருக்கு."

அவள் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். நடிகை அழுத இடமெல்லாம் பொய்யாக இருந்தது. ஆனால் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பே கேமரா ஓடியிருந்தது. அந்த நான்கு நொடியில் நடிகை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துக் கடைசியில் வைத்தாள். அழுகையை மொத்தமாகத் தூக்கினாள்.

இன்சார்ஜ் பின்னால் நின்று பார்த்தார். முடிந்ததும் கடைசி நான்கு நொடியை மறுபடி ஓட்டச் சொன்னார்.

"இதை எங்கேர்ந்தும்மா பிடிச்ச?"

"ஆக்‌ஷனுக்கு முன்னாடி, சார். அப்பதான் அவங்க நிஜமா சோர்ந்து போயிருந்தாங்க."

"நல்ல கண்ணு உனக்கு. ஆனா ஒரு நொடி கூட இருக்கு பாரு. அதை எடுத்துட்டு, நாலாம் நம்பர்னு போட்டு சேவ் பண்ணு. உன் பேர் வேணாம்."

ஒரு நொடியை எடுத்தாள். நாலாம் நம்பர் போட்டு சேவ் செய்தாள்.

அரை மணி நேரம் கழித்து ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். "எல்லாரும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அனுபவம் பத்தாது. இந்தத் தடவை யாரையும் எடுக்கலை."

"எங்களுக்கு இது பழக்கம்தான் சார்" என்று தாடிக்காரன் வெளியே போனான். மற்றவர்களும் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"அனுபவம்... எங்க போனா கிடைக்கும் சார்?"

"தேடணும்மா. கிடைக்கும்."

வெளியே வந்து அண்ணனுக்கு 'இல்ல' என்று அனுப்பினாள். 'சரி, மாமாகிட்ட சொல்லிட்டேன்' என்று உடனே பதில் வந்தது. இனி அதில் மாற்ற ஒன்றுமில்லை.

வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். கதவு முழுதாகச் சாத்தாததால், இன்சார்ஜ் போனில் பேசுவது கேட்டது.

"சாயங்கால எபிசோட் ரெடி சார்... எடிட்டரா? அது எதுக்கு சார், நாளைக்கும் ஆறு பேர் இன்டர்வியூவுக்கு வர்றாங்க."