கண்மட்டம்

மலேசியாவின் உலு திராம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகத்தின் ரப்பர் தோட்டக் கூடத்தில் டேப்லெட்டுகளை உயர்த்திப் பிடித்து நிற்கிறார்கள். நீலச் சீருடைகளின் மேல் கண்ணாடிக் கூரையின் வெயில் விழுகிறது. கூடத்தின் தரை காலியாகத்தான் இருக்கிறது. திரைக்குள் மட்டும், தலையில் துணி கட்டிய, ரப்பர் பால் வடிக்கப் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறாள். அவளைக் கணினியில் உருவாக்கிய சாருமதி தூணோரம் நிற்கிறாள். நான்கு மாதமாக, அருங்காட்சியகம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் தனியே வந்து சோதித்துப் பார்த்த வேலை. "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறாள் திரைப் பெண். "சாப்பிட்டோம்!" கூடமே அதிர்கிறது. ஒரு சிறுமி மட்டும் திரும்புகிறாள். "அக்கா, அவங்க எங்கள பாக்கவே இல்ல லா. மேல யாரையோ பாக்குறாங்க." சாருமதி அவளருகே குந்தி, அவள் உயரத்திலிருந்து திரையைப் பார்க்கிறாள். உண்மைதான். திரைப் பெண்ணின் பார்வையைச் சாருமதி தன் கண்மட்டத்துக்கே வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் எதிரே நிற்க வேறு யாரும் இருந்ததில்லை. பள்ளிப் பேருந்து போன பிறகு குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. தரையில் யாரோ விட்டுப்போன சிவப்பு ரிப்பன். சாருமதி மடிக்கணினியைத் திறந்து, பார்வை உயரத்தில் இருந்த நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டரை அழித்துவிட்டு நூற்றிருபது என்று தட்டுகிறாள். டேப்லெட்டைத் தூக்குகிறாள். "வாங்க, சாப்பிட்டீங்களா?" "இன்னும் இல்ல," என்கிறாள் சாருமதி, பழக்கத்தில். அந்தப் பெண் சிரிக்கிறாள், சாருமதியின் நெஞ்சுக்குக் கீழே, ஒரு பிள்ளை நிற்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்து.