மேனேஜருக்கு இரண்டு கயிறு

“ஒரு ஆளால முடியாதும்மா. போன வாரம் என் தோள்பட்டையே கழண்டிருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க” என்றார் மாமியார், நாயின் கழுத்துப் பட்டையில் இரண்டாவது கயிற்றை மாட்டியபடி.

நாயின் பெயர் மேனேஜர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் மாமனார் அதை வாங்கி வந்து வைத்த பெயர். முப்பது வருஷம் மேனேஜர் சொல்லி அவர் எழுந்து நின்றாராம்; இனி அவர் சொல்லி மேனேஜர் உட்காரட்டுமாம்.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம். இருப்பது இரண்டே அறை. ஒன்றில் மாமனார், மாமியார், பரீட்சைக்குப் படிக்கும் நாத்தனார். இன்னொன்றை அலமாரியால் தடுத்து, இந்தப் பக்கம் புதுத் தம்பதி. அந்தப் பக்கம், கண் ஆபரேஷனுக்கு வந்து, கண் நன்றாகத் தெரிந்த பிறகும் கிளம்பாத பெரியப்பா. இங்கே தும்மினால் அங்கிருந்து அவர் “நூறு” என்பார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளும், மருந்துக் கடையில் நிற்கும் அவள் கணவனும் வீட்டுக்குள் பேசிக்கொண்ட நீளமான பேச்சு, “குளிச்சாச்சா?”, “ஆச்சு” என்பதுதான்.

ஞாயிறு மாலை மேனேஜரைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும் இரண்டு மணி நேரம் மட்டும் அவர்களுடையது. எத்தனை கூட்டமானாலும் ஏரிக்கரையோரக் கடைசி பெஞ்சு, அவர்கள் அதிர்ஷ்டம், காலியாகவே கிடக்கும்.

அதற்கும் இப்போது ஆபத்து. நாய் பழக்கும் ஆள் ஒருவரை மாமனார் பிடித்துவிட்டார். ஒரே மாதத்தில் மேனேஜரைப் பூனை மாதிரி நடக்க வைப்பாராம். அப்புறம் ஒரு ஆள் போதுமாம். பெரியப்பாவே கூட்டிப் போகிறேன் என்று வேறு சொல்லியிருந்தார்.

மேனேஜரோ, பூங்காவுக்குள் வந்ததும் பெஞ்சின் கீழே நீட்டிப் படுத்துவிட்டது.

“கொஞ்சம் இழேன்டா. உன்னை நம்பித்தான் குடும்பமே நடத்துறேன்” என்று கெஞ்சினான் கணவன். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.

“மேனேஜருங்க. நாம சொன்னா கேக்குமா?” அவள் குனிந்து ஈர மண்ணை அள்ளி அவன் சட்டைக் கையில் தேய்த்தாள். முழங்காலிலும் கொஞ்சம். “வாத்தைப் பார்த்துப் பாஞ்சுது. நீங்க விழுந்துட்டீங்க. சரியா?”

“நான்தான் விழணுமா? நீ விழுந்ததா வெச்சுக்கலாமே.”

“என் புடவை புதுசு.”

வீட்டில் கதை எடுபட்டது. மாமியார் மண் கறையைக் கவலையோடு தொட்டுப் பார்த்துவிட்டு மாமனார் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா? இந்த முரட்டுப் பிறவிக்குப் பயிற்சி ஒண்ணுதான் குறைச்சல். அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. புதன்கிழமையும் இவங்க ரெண்டு பேரும் நல்லா சுத்த விட்டுக் கூட்டிட்டு வரட்டும். அப்பதான் அடங்கும்.”

மறுநாள் விடிந்ததும், பெஞ்சடியில் மறந்து வைத்துவிட்ட தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் பூங்காவுக்கு ஓடினாள் மருமகள். மாமியார் மேனேஜரோடு தெருமுனை வரை போய், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பி வரும் நேரம் அது.

ஆனால் மாமியார் ஏரிக்கரையில் இருந்தார். சுருட்டிய கயிறு அவர் தோளில் கிடந்தது. மேனேஜர் அவர் குதிகாலை உரசிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வந்தது. மருமகள் வேலிச் செடிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

“இனிமே புதன்கிழமை சாயங்காலமும் இந்தப் பெஞ்சுல யாரையும் உக்கார விடாதீங்க, தம்பி” என்று பூங்காக் காவலாளியிடம் சொன்ன மாமியார், குனிந்து மேனேஜரின் காதைத் தடவினார்.

“ஏன்டா, நேத்து என் பிள்ளையை மண்ணுல இழுத்துப் போட்டியாமே?”