யார் காலும் படாத கரை

கடலுக்கு அப்பால் தான் கண்டுபிடித்த புதிய கரையைப் பற்றி, லண்டனில் அரசர் முன் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தார் கப்பல் தலைவர் பியர்ஸ். அதற்கான ஒத்திகை, பிரிஸ்டலில் மாமனார் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் நடந்தது.

"கூடையை இறக்குனா மீனா அள்ளலாம் மாமா. யார் காலும் படாத கரை."

மீன்பிடித் தொழில் செய்யும் மாமனார் கில்பர்ட், கருவாட்டில் முள் எடுத்தபடி கேட்டார். "வழுக்கைப் பாறை ஒண்ணு நிக்குமே, அங்கயா?"

பியர்ஸுக்கு விக்கியது. "உங்களுக்கு எப்படி..."

"இந்தக் கருவாட்டு மீன் எங்க புடிச்சதுன்னு நெனச்சீங்க? உங்க கல்யாண விருந்துக்கும் அங்கேருந்துதான். மீன் கெடைக்கிற எடத்தை எவன் வெளிய சொல்லுவான்?"

"அப்போ ராஜாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"பட்டும் மிளகும் வெளையுதுன்னு சொல்லுங்க மாப்ளே. மிளகு தேடி வர்றவன் வலை கொண்டுவர மாட்டான்."

யோசித்தால், அரசவையில் மீனைவிட மிளகு எடுப்பாகத்தான் இருக்கும். பியர்ஸ் இன்னொரு துண்டு கருவாடு போட்டுக்கொண்டார்.